கேம்பர்வேனில் நியூசிலாந்து: இருவராகப் போய் வந்த எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் கணவரும் நியூசிலாந்தை வேனில் சுற்றிவிட்டு வந்ததிலிருந்து கல்யாண வீடு, அலுவலகம், வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பிக் களைத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், வில்லங்கமானவை பின்னால். டாலர் என்று வருவதெல்லாம் நியூசிலாந்து டாலர்.

கேம்பர்வேன்னா என்னக்கா? ஷூட்டிங்ல நடிகர்களுக்கு நிக்குமே கேரவன், அதுவா?

அதற்குத் தூரத்துச் சொந்தம். அதில் ஏசியும் மேக்கப் கண்ணாடியும் இருக்கும். இதில் அடுப்பும் கட்டிலும் இருக்கும், ஓட்டுநர் நீங்களே. நாங்கள் எடுத்த இருவர் வேன் ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். முன்னால் இரண்டு இருக்கை. பின்னால் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, சிங்க், சின்ன ஃபிரிட்ஜ், பீரோ அளவுக்கு ஒரு டாய்லெட். அதற்குள்ளேயே ஷவரும் இருக்கும். கடைசியில் இருக்கும் சோபாவை இரவில் பிரித்துப் போட்டால் கட்டில், காலையில் மடக்கினால் மறுபடி சோபா. நிமிர்ந்து நிற்கலாம், அது முக்கியம். குனிந்தே வாழ வேண்டிய சின்ன வேன்களும் வாடகைக்கு உண்டு. வாலிப வயசுக்கு அது சரி.

ஏன் நியூசிலாந்து? ஐரோப்பா போயிருக்கலாமே?

அங்கேயும் நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். எங்களுக்கு அது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது. புது வண்டி, புது சாலை, இதில் கைப்பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளச் சொன்னால் இவர் சாவியைத் தொட்டிருக்கவே மாட்டார். கூடவே, வேன்காரர்களுக்கென்றே ஊருக்கு ஊர் வசதி இருக்கும் நாடு அது. கழிவுநீரைக் கொட்டும் இடத்துக்குக்கூட சாலையோரம் வழிகாட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள்.

நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா?

ஆங்கிலத்தில் இருந்தால் செல்லும். ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ, சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். சில வாடகை நிறுவனங்கள் எப்படியிருந்தாலும் அந்த அனுமதியைக் கேட்பதால், ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இருவர் வேனுக்குக் கார் லைசென்ஸே போதும், கனரக வாகன உரிமம் தேவையில்லை.

ஒரு விஷயம்: விமானத்திலிருந்து இறங்கிய அன்றே வேனை எடுக்காதீர்கள். அவர்கள் கோடையில் நம் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள். இரவெல்லாம் பயணம் செய்த கண்ணோடு பழகாத வண்டியை ஓட்டுவது வம்பு. ஒரு இரவு ஊருக்குள் தங்கித் தூங்கிவிட்டு மறுநாள் எடுங்கள்.

எந்த மாசம் போகலாம்?

தென் அரைக்கோளம் என்பதால் நமக்கு மார்கழி என்றால் அவர்களுக்குக் கோடை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை அவர்களுடைய பள்ளி விடுமுறை. வாடகை உச்சத்தில் இருக்கும், தங்குமிடங்களும் நிரம்பிவிடும். பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும்தான் என் கணக்கில் சரி: வெயில் இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். இலைகள் பொன்னாக மாறுவதைப் பார்க்க ஆசை என்றால் ஏப்ரலில் தென் தீவின் ஒட்டாகோ பக்கம் போங்கள், ஆனால் இரவுக்குளிர் எலும்பில் இறங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். மலைச்சாலையில் டயருக்குச் சங்கிலி மாட்டத் தெரியாதவர்கள் தவிர்க்கலாம்.

கார் எடுத்து ஹோட்டல்ல தங்குறதவிட இது சல்லிசா வருமா?

வராது. இதைக் கேட்பவர்கள் எல்லோரும் ‘ஆமாம்’ என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்று தெரியும், ஆனாலும் வராது. கோடையில் டாய்லெட்டோடு கூடிய இருவர் வேன் ஒரு நாளைக்கு 200 டாலரைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு மேல் காப்பீடு. அதற்கு மேல் எரிபொருள். பம்பில் டீசல் விலை பெட்ரோலைவிடக் குறைவாகத் தெரியும், உடனே சந்தோஷப்படாதீர்கள். டீசல் வண்டிக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனி, 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். பல நிறுவனங்கள் அதை வேனைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்கின்றன. மின் இணைப்போடு ‘ஹாலிடே பார்க்’ என்ற கட்டண முகாமில் நிறுத்த இருவருக்கு 50 முதல் 70 டாலர். எல்லாம் கூட்டினால் சின்ன காரும் சுமாரான மோட்டலும் ஒன்று சமமாக வரும், அல்லது குறைவாகவே வரும்.

அப்புறம் எதற்கு வேன்? சாயங்காலத்துக்காக. காரில் போகிறவர்கள் பகலில் ஏரியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். வேனில் போனால் ஏரிக்கரையே அறை. டிசம்பர், ஜனவரியில் தென் தீவில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். நான்கு மணிக்கு நிறுத்திவிட்டால் ஐந்து மணி நேரம் கையில் கிடைக்கிறது. எங்களுக்கு இந்தப் பயணத்தில் மனசில் நிற்பதெல்லாம் அந்த ஐந்து மணி நேரங்கள்தான். கூடுதலாகக் கொடுக்கும் காசு அதற்கு. அந்த நேரத்தையும் ஸ்டியரிங் பிடித்தே கழிப்பதாக இருந்தால் பேசாமல் காரும் ஹோட்டலும் எடுங்கள்.

நினைச்ச எடத்துல நிறுத்தித் தூங்கலாமாமே, யூட்யூப்ல சொன்னாங்க?

முடியாது. அது பழைய கதை. கண்ட இடத்தில் தங்குவதை அங்கே ‘ஃப்ரீடம் கேம்பிங்’ என்கிறார்கள், அதற்கு 2011-லேயே சட்டம் வந்துவிட்டது. 2023-இல் வந்த சட்டம் இன்னும் இறுக்கியிருக்கிறது: வேனுக்குள் நிலையாகப் பொருத்திய டாய்லெட் இருக்க வேண்டும், அதற்குச் சான்றாகப் பச்சை நிற வாரண்ட் ஒட்டியிருக்க வேண்டும். தூக்கி வைக்கும் டாய்லெட் கணக்கில் வராது. பச்சை இருந்தாலும் எல்லா இடத்திலும் தங்க முடியாது, ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று தனியாக விதி வைத்திருக்கிறது. தடை செய்த இடத்தில் படுத்தால் 400 டாலர் அபராதம், அதுவும் வாடகை நிறுவனம் வழியாக உங்கள் கார்டில் வந்து நிற்கும்.

சட்டப்படி தங்க மூன்று வழிகள். அனுமதித்த இலவச இடங்கள் ஒன்று. அடுத்தது ஹாலிடே பார்க்: சூடான ஷவர், பொதுச் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும். மூன்றாவது, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள். அந்தத் துறையை அங்கே எல்லோரும் ‘டாக்’ என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரு கழிப்பறை, ஒரு குழாய், அவ்வளவுதான் வசதி. ஆனால் இடம் இருக்கிறதே! 3,724 மீட்டர் உயர அவுராக்கி மவுண்ட் குக் மலையடிவாரத்தில் ‘ஒயிட் ஹார்ஸ் ஹில்’ முகாம் இருக்கிறது. ராத்திரி தூரத்தில் பனிச்சரிவு விழும் சத்தம் இடி மாதிரி கேட்கும். இரண்டு இரவு டாக் முகாம், ஒரு இரவு ஹாலிடே பார்க் என்று மாற்றி மாற்றிப் போனால் காசும் கட்டுப்படும், தலைக்கும் குளிக்கலாம்.

சொல்ல கூச்சமா இருக்கு... அந்த டாய்லெட்ட யாரு காலி பண்ணுவாங்க?

நீங்கள்தான், வேறு யார். இருக்கைக்குக் கீழே சக்கரம் வைத்த பெட்டி மாதிரி ஒரு தொட்டி, கேசட் என்பார்கள். சுமார் 18 லிட்டர் பிடிக்கும். வேனுக்கு வெளியே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து உருவி, ‘டம்ப் ஸ்டேஷன்’ என்ற இடத்துக்கு உருட்டிக்கொண்டு போய்க் கவிழ்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கவிழ்க்கும்போது காற்றுத் திறப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ‘பளக் பளக்’ என்று தெறிக்காமல் ஒரே சீராக இறங்கும், இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. பிறகு அலசிவிட்டு, கொஞ்சம் தண்ணீரும் நீல மருந்தும் ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். ஐந்து நிமிட வேலை. முழுக்க நிரம்பும்வரை விடாதீர்கள், கனம் தூக்க முடியாது.

பாத்திரம் கழுவிய தண்ணீருக்குத் தனித் தொட்டி. அதையும் அதே இடத்தில்தான் குழாய் மாட்டி விட வேண்டும், சாலையோரச் சாக்கடையிலோ புல்லிலோ திறந்துவிடக் கூடாது. முகாமில் பொதுக் கழிப்பறை இருந்தால் அதைப் பயன்படுத்தினோம். எங்கள் டாய்லெட் நடுராத்திரிக்கும் மழைக்கும் மட்டும்.

கரண்ட்? தண்ணி? போன் சார்ஜ்?

வேனில் இரண்டு பேட்டரி. ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று வீட்டுக்கு. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் எல்லாம் வீட்டுப் பேட்டரியில் ஓடும், வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆகிவிடும். மைக்ரோவேவும் சுவர் பிளக்கும் மட்டும் ஹாலிடே பார்க்கில் வயர் மாட்டினால்தான் வேலை செய்யும். தண்ணீர்த் தொட்டியை டம்ப் ஸ்டேஷனிலேயே நிரப்பலாம், ஆனால் குடிநீர்க் குழாயும் கேசட் அலசும் குழாயும் வேறு வேறு. பலகையைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க? புளிக்காச்சல், பொடியெல்லாம் கொண்டு போகலாமா?

எதைக் கொண்டு போனாலும் நாட்டுக்குள் நுழையும்போது தரும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அவர்களுக்கு விவசாயம்தான் உயிர். ஒரு ஆப்பிள், ஒரு விதை என்றாலும் விட மாட்டார்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர். அறிவித்தால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது. கறிவேப்பிலை, பழம், தேன், நெல், விதை வகையறாவை மூட்டை கட்டவே வேண்டாம். கடைப் பாக்கெட்டில் லேபிளோடு இருக்கும் பொடிகளை மட்டும் எடுத்துப் போய்க் காட்டினோம், பார்த்துவிட்டு விட்டார்கள். மலை ஏறும் ஷூ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அடியில் ஒட்டிய மண்ணைக்கூடப் பார்ப்பார்கள்.

அரிசி, பருப்பு, மஞ்சள் எல்லாம் ஆக்லாந்திலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் இந்தியக் கடைகளில் கிடைக்கும். அங்கேயே மொத்தமாக வாங்கிவிடுங்கள், மலைப்பக்கச் சிற்றூர்க் கடைகளில் விலை ஏறும். வேனுக்குள் தாளிப்பதை மட்டும் மறந்துவிடுங்கள். கடுகு வெடித்தால் புகை அலாரம் அலறும், பெருங்காய வாசனை தலையணையில் மூன்று நாள் இருக்கும். ஹாலிடே பார்க் சமையலறையில் ஒரே நாளில் இரண்டு நாளுக்கான குழம்பை வைத்துவிட்டு, டாக் முகாமில் சாதம் மட்டும் வடித்தோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? நாங்க சென்னை டு மதுரை ஒரே இழுப்புல போறவங்க.

அந்தக் கணக்கை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். நாற்கரச் சாலை அங்கே பெரு நகரங்களைச் சுற்றித்தான். மற்றதெல்லாம் இரு வழிச் சாலை, வளைவு, ஏற்றம். திறந்த சாலையில் வேக வரம்பு 100, ஊருக்குள் 50. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வேன் என்றால் 90தான். கூகுள் மேப் சொல்லும் நேரம் காருக்கு, வேனுக்கு அதில் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். குயின்ஸ்டவுனிலிருந்து, மலைகளுக்கிடையே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ஒரு நாளில் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், எட்டு மணி நேரம் உட்கார்ந்த களைப்பில் மலையைப் பார்ப்பார்கள்.

200 கிலோமீட்டருக்கு மேல் எந்த நாளும் வேண்டாம் என்பது என் கருத்து. இடத்தைக் குறையுங்கள், இரவைக் கூட்டுங்கள். இரண்டு வாரம்தான் என்றால் தென் தீவு மட்டும்: கிறைஸ்ட்சர்ச், டெக்கப்போ, மவுண்ட் குக், டி அனாவ், மில்ஃபோர்ட், வனாக்கா, ஹாஸ்ட் வழியாக மேற்குக் கரை, ஆர்தர்ஸ் பாஸ் ஏறித் திரும்ப கிறைஸ்ட்சர்ச். டெக்கப்போவைச் சுற்றிய பகுதி 2012 முதல் உலக அளவில் அங்கீகாரம் பெற்ற இருள்வானக் காப்பகம். நம் ஊரில் தெற்கே தாழ்வாகத் தெரியும் திரிசங்கு அங்கே தலைக்கு மேலே நிற்கிறது. வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம் தலைகீழாகத் தொங்குகிறது. வேனின் கதவைத் திறந்து வைத்துப் போர்வையோடு பார்த்தோம். மோட்டலில் இருந்தால் அந்தக் குளிரில் எழுந்து வந்திருப்போமா தெரியாது.

ரோடு ரொம்ப ஆபத்தாமே? ஒத்தப் பாலம், சுரங்கம்னு சொல்றாங்க.

ஆபத்து இல்லை, கவனம் வேண்டும். ஒரு வண்டி மட்டும் போகும் பாலங்கள் தென் தீவில் நிறைய, குறிப்பாக மேற்குக் கரையில். பாலத்துக்கு முன் பலகை இருக்கும். நீலச் சதுரத்தில் உங்கள் பக்கம் பெரிய வெள்ளை அம்பு என்றால் முன்னுரிமை உங்களுக்கு. சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்கம் சின்னச் சிவப்பு அம்பு என்றால் நின்று எதிர் வண்டியை விட வேண்டும். ஹெட்லைட் அடித்து முந்துகிற பழக்கத்தை அங்கே காட்டாதீர்கள். அதே போல, பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவர்கள் ஹாரனைத் தொட மாட்டார்கள், மனசுக்குள் திட்டுவார்கள்.

மில்ஃபோர்ட் சாலையில் ஹோமர் சுரங்கம் சுமார் 1.2 கிலோமீட்டர், பாறையைக் குடைந்து 1954-இல் திறந்தது. உள்ளே சரிவு செங்குத்து, வெளிச்சம் குறைவு. கோடைப் பகலில் சிக்னல் வைத்து ஒரு பக்கமாக விடுகிறார்கள். டி அனாவிலேயே டாங்க்கை நிரப்பிவிடுங்கள். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதனால் ‘மழை வந்துடுச்சே’ என்று வருந்த வேண்டாம். மழை நாளில்தான் பாறை முழுக்க அருவி. முந்தின இரவு ‘கேஸ்கேட் கிரீக்’ டாக் முகாமில் தங்கினால் பேருந்துக் கூட்டம் வருவதற்குள் போய்விடலாம்.

வேனைக் கப்பல்ல ஏத்தணுமாமே?

இரண்டு தீவையும் பார்ப்பதாக இருந்தால் மட்டும். வட தீவின் வெலிங்டனிலிருந்து தென் தீவின் பிக்டன் 92 கிலோமீட்டர், சுமார் மூன்றரை மணி நேரம். வண்டியின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் என்பதால் பதிவு செய்யும்போது சரியான அளவைக் கொடுங்கள். ஏறும் முன் கேஸ் சிலிண்டரை மூட வேண்டும், பயணத்தின்போது வேனுக்குள் இருக்கக் கூடாது. காற்று பலமாக இருந்தால் கப்பல் தள்ளிப்போகும், அதனால் கப்பலுக்கு மறுநாள் விமானம் என்று திட்டம் போடாதீர்கள்.

பூச்சி, பாம்பு, மிருகம்?

நியூசிலாந்தில் பாம்பே கிடையாது. அந்தப் பங்கையும் சேர்த்து மணல் ஈ கடிக்கும். மேற்குக் கரையிலும் மில்ஃபோர்டிலும் கடுகளவு கறுப்பு ஈ கூட்டமாக வரும், கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். நடந்துகொண்டிருந்தால் அவ்வளவாக அண்டாது, நின்றால் மொய்க்கும். நன்றாக இருட்டியதும் அடங்கிவிடும். வேன் கதவைத் திறந்தால் உடனே மூட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்காகத்தான் அதிகக் குரல் உயர்ந்தது.

இன்னொருவர் கியா, மலைக்கிளி. ஹோமர் சுரங்க வாசலிலும் ஆர்தர்ஸ் பாஸிலும் வண்டிமேல் வந்து உட்கார்ந்து, கண்ணாடி ஓர ரப்பரையும் வைப்பரையும் அலகால் நிதானமாக உரித்தெடுக்கும். அழகாக இருக்கிறதே என்று படம் எடுப்பீர்கள், அதற்குள் அரையடி ரப்பர் போய்விடும். உணவு கொடுக்காதீர்கள், அதற்கும் கெடுதல், அடுத்த வண்டிக்கும் கெடுதல்.

உடம்புக்கு முடியாம போனா? வெளிநாட்டு ஆஸ்பத்திரி செலவு தாங்குமா?

விபத்தில் காயம் என்றால் அந்நாட்டு அரசின் விபத்து இழப்பீட்டு அமைப்பு, சுருக்கமாக ஏசிசி, சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை ஏற்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்கும்தான். 1974 முதல் நடக்கும் ஏற்பாடு. ஆனால் காய்ச்சல், நெஞ்சுவலி, சர்க்கரை போன்ற நோய்களுக்கு அது வராது, ஊருக்குத் திரும்பும் செலவும் தராது. எனவே பயணக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே இருக்கும் நோயை மறைக்காமல் எழுதி எடுங்கள். அவசர எண் 111. ஹாஸ்ட் பக்கம் நெடுந்தூரம் செல்போன் சிக்னல் இருக்காது, அன்றைய வழியை முன்பே போனில் இறக்கி வையுங்கள்.

அண்ணி, உண்மையைச் சொல்லுங்க, நீங்களும் அண்ணனும் சண்டை போடலையா?

போட்டோம். கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக அடுத்த அறையே இல்லை. ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார்ந்தாக வேண்டும். இவர் ஷூ மாட்டுவதற்குள் நான் காபி போட முடியாது. வேலையைப் பிரித்துக்கொண்டது கைகொடுத்தது: வேனுக்கு வெளியே இருப்பதெல்லாம் இவர் பொறுப்பு, கேசட் உட்பட. உள்ளே எல்லாம் என் பொறுப்பு, மேப்பும் சேர்த்து. ஒருவர் வேலையில் மற்றவர் யோசனை சொல்வதில்லை.

ரிவர்ஸ் எடுப்பது தனி அத்தியாயம். ‘வலது வலது’ என்று நான் கத்த, அது யாருடைய வலது என்று இவர் கேட்க, அதற்குள் மரம் வந்துவிடும். கடைசியில் ஒரு விசில் வாங்கினோம். நம் ஊர் பஸ் கணக்குத்தான்: ஒரு விசில் நில், இரண்டு விசில் போலாம் ரைட். முகாமில் பக்கத்து வேன் ஜெர்மானியர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கவனித்தவரை எங்கள் சண்டைகள் பெரும்பாலும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள்தான். பசி, களைப்பு, இன்னும் தங்கும் இடம் முடிவாகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் அன்றைய இரவு எங்கே என்று முடிவு செய்ய ஆரம்பித்ததும் பாதி அடங்கிவிட்டது. செலவுக் கேள்வியில் நான்கு மணிக்கு நிறுத்தச் சொன்னேனே, அதற்கு இன்னொரு காரணம் இது. மீதிச் சண்டைக்கு ஏரிக்கரையில் தனித்தனியாக ஒரு நடை. திரும்பி வந்தால் ஒருவர் டீ போட்டு வைத்திருப்பார். அநேகமாக அது பசித்தவர்.

அத்தை மாமாவையும், பிள்ளையையும் கூட்டிட்டு ஒரே வேன்ல போகலாமா?

நான்கு பேர், ஆறு பேர் வேன்கள் உண்டு. ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு இருக்கையில்தான் இருக்க வேண்டும், படுக்கக் கூடாது, எழுந்து டீ போடக் கூடாது. குழந்தை இருக்கையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், எல்லா வேனிலும் பொருந்தாது. பெரியவர்களைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னால்: மேல் கட்டிலுக்கு ஏணி ஏறணும், டாய்லெட்டுக்குப் படி ஏறணும், கேசட் ஒரே நாளில் நிரம்பும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஹாலிடே பார்க்கிலேயே சின்ன கேபின் எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வேனை நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாடு சேர்ந்து, தூக்கம் தனித்தனி. மாமியாருக்கும் அதுதான் நிம்மதி.

முழு இன்சூரன்ஸ் எடுத்தாச்சுன்னா பயமில்லைதானே? திருப்பிக் கொடுக்கும்போது ஏதாவது பிடிப்பாங்களா?

‘முழு’ என்ற வார்த்தையை நம்பாமல் விதிவிலக்குப் பட்டியலைப் படியுங்கள். கூரைச் சேதமும் அடிப்பாகச் சேதமும் பல ஒப்பந்தங்களில் தனி. வேன் உயரம் 3 மீட்டர் வரை வரும் என்பதால் கார் பார்க்கிங்கின் உயரத்தடைக் கம்பிதான் பெரிய எதிரி. வேனின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவிடுங்கள். டீசல் டாங்க்கில் பெட்ரோல் ஊற்றுவது, தண்ணீர்த் தொட்டியில் டீசல் ஊற்றுவது எல்லாம் உங்கள் தலையில்தான். சிரிக்காதீர்கள், இரண்டு மூடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சில சாலைகளில் போனாலே பொதுவாகக் காப்பீடு செல்லாது: ஸ்கிப்பர்ஸ் சாலை, நைன்டி மைல் பீச் மணல், வட தீவில் இருக்கும் கோரமாண்டலில் கோல்வில்லுக்கு வடக்கே. குயின்ஸ்டவுன், வனாக்கா இடையே 1,076 மீட்டர் ஏறும் கிரவுன் ரேஞ்ச் சாலையை வேனில் போவதைவிட குரோம்வெல் சுற்றிப் போவது புத்திசாலித்தனம்.

வேனை எடுக்கும்போதே கூரை, சக்கரம், கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். சரளைக்கல் பட்டுக் கண்ணாடியில் புள்ளி விழுவது அங்கே சகஜம், அதற்குத் தனிக் காப்பீடு எடுத்தால் நல்லது. திருப்பிக் கொடுக்கும் முன் கேசட்டும் கழிவுத் தொட்டியும் காலியாக இருக்க வேண்டும், டீசல் நிரம்பியிருக்க வேண்டும். கேசட்டைக் காலி செய்யாமல் விட்டால் நல்ல தொகை பிடிப்பார்கள். மிச்சமிருக்கும் அரிசி, எண்ணெய், உப்பை முந்தின இரவே ஹாலிடே பார்க் சமையலறையில் ‘இலவசம்’ என்று எழுதிய அலமாரியில் வைத்துவிடலாம். அன்று மாலை வந்து சேரும் வேன்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் முதல் வாரம் சமைத்த பாதி எண்ணெய் அப்படி வந்ததுதான்.